வீட்டில் சீனி பார்ப்பது எப்படி, எதற்காக

சலரோகம் (நீரிழிவு) உள்ள நம் வீடுகளில் இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசின் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பியிருப்பார், அல்லது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசியில் வாங்கியிருப்போம். விடிய எழும்பி விரலைக் குத்திப் பார்க்கிறோம். 130 என்றால் மனம் ஆறுகிறது. 190 என்றால் முந்தின நாள் சாப்பிட்ட மாம்பழத்தை நொந்துகொள்கிறோம். பிறகு மெசினைப் பைக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டு அன்றாட வேலைக்குப் போய்விடுகிறோம். இப்படி வருடக்கணக்காகச் சீனி பார்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். விரல் மரத்துப்போனதுதான் மிச்சம், சாப்பாட்டிலோ மருந்திலோ நடையிலோ அந்த எண்ணால் எதுவும் மாறியிருக்காது.

இது அவர்களுடைய குற்றமில்லை. மெசினை எப்படிப் பிடிப்பது என்று பாமசியில் காட்டிவிடுவார்கள். வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை யாராவது பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அதற்கு நேரம் கிடைப்பது அரிது. அந்தக் குறையைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: விரலைக் குத்தும் முன் மனதில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். "இந்தப் புட்டு எனக்கு ஒத்துக்கொள்கிறதா?", "இந்த நடுக்கம் சீனி இறங்கியதாலா?" என்பது போல. கேள்வி இருந்தால் எண் பதிலாகும். கேள்வி இல்லாவிட்டால், இரத்தச் சொட்டை விட மெசினில் செருகும் ஸ்ரிப்புக்குக் கொடுத்த காசு வீண்.

சீனி ஏன் ஏறுகிறது

சோறு, பாண், இடியப்பம், கிழங்கு, பழம் எல்லாம் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் சேர்கின்றன. சதையி என்கிற கணையம் சுரக்கும் இன்சுலின்தான் அந்தக் குளுக்கோசை இரத்தத்திலிருந்து தசைக்குள்ளும் மற்ற உறுப்புகளுக்குள்ளும் அனுப்புகிறது. முதலாம் வகைச் சலரோகத்தில் இன்சுலின் ஏறக்குறைய முழுதாகவே நின்றுவிடும், ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாது. நம்மிடையே பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாது, நாளடைவில் சுரப்பும் குறையும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். ஈரலும் தன்பாட்டுக்குக் குளுக்கோசை இரத்தத்தில் விடும். நாம் தூங்கும்போதும் மூளைக்கு அது தேவை. விடியப்புறத்தில் சில ஓமோன்கள் கூடுவதால் ஈரல் அதிகமாகவே விடும். "இரவு ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 170?" என்று தலையில் கை வைப்பவர்களுக்கு இதுதான் பல நேரம் விடை. இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைத்துப் பட்டினி கிடந்து இதைச் சரிசெய்ய முடியாது. மருந்தின் அளவையோ நேரத்தையோ டொக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த கதை

ஒரு காலத்தில் சீனியைச் சலத்தில், அதாவது சிறுநீரில்தான் பார்த்தார்கள். பெனடிக்ற் கரைசலில் சில துளி சலத்தை விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கட்டி நிறமானால் நிறைய இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இதைச் செய்தவர்களுக்கு நினைவிருக்கும். இதில் ஒரு பெரிய குறை உண்டு. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைச் சலத்தில் விடும். அதற்குக் கீழே என்ன நடந்தாலும் தெரியாது. சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தாலும் கரைசல் நீலமாகவே இருக்கும்.

இரத்தத்தில் பார்க்கும் மெசின் 1970 அளவில் அமெரிக்காவில் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் பாரம், டொக்டர்களுக்கு மட்டுமே விற்பார்கள். மயங்கிக் கிடப்பவர் குடித்திருக்கிறாரா, சலரோகத்தால் விழுந்தாரா என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கத்தான் அது என்று நினைத்தார்கள். றிச்சர்ட் பேர்ன்ஸ்ரைன் என்ற பொறியியலாளர் சிறுவயதிலிருந்தே முதலாம் வகைச் சலரோகக்காரர். அவருடைய மனைவி டொக்டர். மனைவியின் பெயரில் ஒரு மெசினை வாங்கி, ஒரு நாளில் பல தடவை தன் இரத்தத்தைப் பார்த்தார். எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துவைத்து, அதற்கேற்ப இரண்டையும் மாற்றிக்கொண்டே வந்தார். நோயாளி வீட்டிலிருந்து தானே சீனி பார்ப்பதைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். பிற்காலத்தில் மருத்துவம் படித்து டொக்டராகவும் ஆனார். அவரிடம் இருந்தது மெசின் மட்டும் இல்லை, கேள்விகளும்தான்.

விரலைக் குத்தும் முன்

முதலில் கை. சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சீவிவிட்டு அதே கையில் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சாறும் சேர்ந்து சீனி மிக அதிகமாகக் காட்டும். 2011இல் ஜப்பானில் சலரோகம் இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். கை கழுவாமல் எடுத்த அளவுகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் அது முழுதாகப் போகவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே சரியான எண் வந்தது. எனவே நம்ப முடியாத ஓர் எண் வந்தால் பயப்படுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். ஈரக் கையாலும் குத்த வேண்டாம். தண்ணீர் கலந்தால் எண் குறைந்து வரும்.

விரல் நுனியின் நடுவில் குத்தினால் நோகும், நரம்பு முனைகள் அங்கேதான் அதிகம். பக்கவாட்டில் குத்துங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வேலைக்கு விட்டுவிட்டு மற்ற மூன்று விரல்களை மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். இரத்தம் வரவில்லையென்றால் கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக மெல்ல நீவுங்கள். நுனியைப் போட்டு நசுக்கினால் இரத்தத்தோடு உடல்நீரும் கலந்து எண் பிழைக்கும். சொட்டு போதாமல் போனால் அதே ஸ்ரிப்பில் இன்னொரு சொட்டு விடுவதைப் பெரும்பாலான மெசின்கள் ஏற்காது. புதிய ஸ்ரிப் எடுங்கள்.

ஸ்ரிப்பில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. அது இரத்தத்திலுள்ள குளுக்கோசோடு சேரும்போது நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். மெசின் அதை அளந்துதான் எண்ணாகக் காட்டுகிறது. நொதிக்கு வெக்கையும் ஈரக்காற்றும் ஆகாது. பல ஸ்ரிப்புகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக்கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்து வெக்கை அதைத் தாண்டிவிடும். ஜன்னலோரம், குசினி, மோட்டார் சைக்கிள் பெட்டி எல்லாம் ஸ்ரிப்புக்கு உகந்த இடங்கள் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த ஒரு மூலை போதும். ஒரு ஸ்ரிப்பை எடுத்த கையோடு போத்தலை இறுக மூடுங்கள். திறந்த திகதியை மேலே எழுதிவையுங்கள். திறந்த பின் எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது பெட்டியில் இருக்கும், கம்பனிக்குக் கம்பனி மாறும்.

குத்தும் ஊசியை வீட்டுக்குள்ளும் யாரோடும் பகிர வேண்டாம். மனைவிக்கும் புருசனுக்கும் சலரோகம் இருந்தாலும் ஊசி வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். இரத்தத்தால் பரவும் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் இந்த வழியாகத் தொற்றலாம். பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடிவையுங்கள். குப்பை அள்ளுபவரின் கையில் அது குத்தக்கூடாது.

வெளிநாட்டு மெசினும் வேறு எண்ணும்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். கனடா, இங்கிலாந்து, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் மில்லிமோல் (mmol/L) கணக்கில் சீனி பார்க்கும் நாடுகள். நாம் இங்கே மில்லிகிராம் (mg/dL) கணக்கில் பேசுகிறோம். லண்டன் மெசினில் 10 என்று வந்தால் அது நம் கணக்கில் 180. இதை அறியாமல் "பத்துத்தானே" என்று நிம்மதியடைபவரும் உண்டு, 5.5ஐப் பார்த்துவிட்டுச் சீனி அடியோடு இறங்கிவிட்டதென்று சீனித்தண்ணீர் குடிப்பவரும் உண்டு. வழி எளிது: மில்லிமோலை 18ஆல் பெருக்குங்கள். 5.5 என்றால் 99. 3.9 என்றால் 70. மெசினில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு போட்டிருக்கும், அதை ஒருதரம் உற்றுப் பாருங்கள். தசமப் புள்ளியோடு எண் வந்தால் மில்லிமோல் மெசின் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மெசினை அனுப்பும் பிள்ளைகள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு மெசினுக்கு அதற்கென்ற ஸ்ரிப்தான் சரிவரும். அந்த ஸ்ரிப் யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால், கூட வந்தது முடிந்ததும் மெசின் மூலையில் கிடக்கும். அந்தக் காசுக்கு இங்கேயே, ஸ்ரிப் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஒரு மெசினை வாங்குவதுதான் புத்தி.

மெசின் எவ்வளவு சரியாகச் சொல்லும்? ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. சீனி 100க்கு மேலிருந்தால், நூறு அளவுகளில் 95ஆவது ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் உண்மையில் 200 இருப்பவருக்கு 170உம் வரலாம், 230உம் வரலாம், இரண்டும் தரத்துக்குள்தான். அடுத்தடுத்துக் குத்தி ஒன்றில் 148, மற்றதில் 156 வந்ததென்று மெசினைக் குறை சொல்ல வேண்டாம். இரத்தச் சோகை கடுமையாக இருந்தால் மெசின் கூட்டிக் காட்டலாம். அதனால் சலரோகம் இருக்கிறதா இல்லையா என்று முதன்முதலில் தீர்மானிக்க வீட்டு மெசின் போதாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனைதான் வேண்டும்: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். நோயின் அறிகுறி இல்லாதவருக்கு அதையும் இன்னொரு தடவை பார்த்தே உறுதி செய்வார்கள்.

எப்போது பார்ப்பது

காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. கிளினிக்கில் அப்படித்தானே இரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் நம்மூர்க் கிணற்றை விடிய எட்டிப் பார்த்தால் ஊறி நிறைந்திருக்கும். தோட்டத்துக்கு இறைத்த பின் எவ்வளவு வற்றுகிறது என்பது பின்னேரம் பார்த்தால்தான் தெரியும். காலைச் சீனி ஒழுங்காக இருந்து, சாப்பாட்டுக்குப் பிறகு 260, 280 என்று ஏறி இறங்குபவர்கள் பலர் அதை அறியாமலே இருக்கிறார்கள்.

எனவே சோடியாகப் பாருங்கள். சாப்பிடத் தொடங்கும் முன் ஒன்று. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. கோண்டாவிலில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு 128. பிறகு இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு, ஒரு கப்பல் வாழைப்பழம், சீனி போட்ட பால்தேத்தண்ணி. 9 மணிக்கு 246. ஏறியது 118. இப்போது அவருக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: இதில் எது ஏற்றியது? அடுத்த நாள் மற்றதெல்லாம் அப்படியே இருக்கத் தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடித்துப் பார்க்கலாம். இன்னொரு நாள் புட்டைப் பாதியாக்கி, முருங்கையிலை வறையும் ஒரு முட்டையும் சேர்க்கலாம். வேறொரு நாள் அதே புட்டைச் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் ஒழுங்கைக்குள் நடந்து பார்க்கலாம். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அப்போதுதான் பதில் தெளிவாக வரும். சில நாளிலேயே தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிடும். பொதுவான உணவு அட்டவணை எதுவும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏற்றாத இடியப்பம் இவருக்கு ஏற்றலாம். மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசிச் சோறென்றாலும் கோப்பை நிறையப் போட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஊரில் உலாவும் சில நம்பிக்கைகளும் தாமாகவே விழுந்துவிடும். "பனங்கட்டி சலரோகத்துக்கு ஒன்றும் செய்யாது" என்பது அவற்றில் ஒன்று. பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்புகள் இருப்பது உண்மை, ஆனால் அதில் பெரும்பகுதி சீனியேதான். சந்தேகமென்றால் முன்னும் பின்னும் குத்திப் பாருங்கள். பாவற்காயும் குறிஞ்சாவும் நல்ல கறிகள், சாப்பிடுங்கள். அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள்.

எத்தனை தரம் பார்ப்பது என்பது ஆளைப் பொறுத்தது. முதலாம் வகைக்காரரும், ஒரு நாளில் பல தடவை இன்சுலின் போடுபவரும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னும், படுக்கும் முன்னும், சந்தேகம் வரும் நேரமெல்லாமும் பார்க்க வேண்டும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கக்கூடியவை, எனவே அவற்றை எடுப்பவர்களும் கவனமாகப் பார்க்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவர் தினமும் விரலைக் குத்த வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2007இல் இங்கிலாந்திலும் 2017இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலும், இன்சுலின் போடாத இரண்டாம் வகைக்காரரிடம் நடந்த ஆய்வுகளில், வீட்டில் சீனி பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஒரு வருட முடிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் 2011இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில் முறையை மாற்றினார்கள். டொக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாட்கள் மட்டும், நாளுக்கு ஏழு தடவை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் படுக்கும் முன்னும் பார்த்துத் தாளில் குறித்து வரச் சொன்னார்கள். அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள நோயாளிக்கும் டொக்டருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குச் சீனி நன்றாகவே குறைந்தது. மாதம் முழுக்க ஒழுங்கில்லாமல் குத்தும் ஸ்ரிப்புகளை மிச்சம் பிடித்து அந்த மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஸ்ரிப் மலிவான பொருளில்லை.

எந்த எண் நல்ல எண்

கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு, சாப்பாட்டுக்கு முன் 80இலிருந்து 130 வரை. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் 180க்குள். எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள். எண்பது வயதைத் தாண்டியவருக்கும், இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவருக்கும், தனியே வாழும் முதியவருக்கும் இந்த இலக்கைத் தளர்த்த வேண்டும். எச்பிஏ1சி 8 அளவில் இருந்தாலும் போதுமென்று டொக்டர் சொல்லலாம். அவர்களுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருப்பதைவிட இரவில் இறங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்பிணிகளின் இலக்கு இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழ். கர்ப்பகாலத்தில் ஓர் எண் மிஞ்சினாலும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ உடனே சொல்லுங்கள், அடுத்த மாதத் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எச்பிஏ1சி என்பது என்ன? செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபினில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழும். எனவே எத்தனை சதவீதத்தில் ஒட்டியிருக்கிறதென்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். 7 சதவீதம் என்றால் சராசரி 154. 9 என்றால் 212. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் மட்டும் சோற்றைத் தொடாமல் கிடந்து 110 எடுத்துக் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைய எண் அழகாக இருக்கும். அதை நம்பி டொக்டர் பழைய மருந்தையே எழுதுவார். மிச்சம் இருபத்தெட்டு நாளும் 250இல் ஓடும் சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான எண்ணைக் காட்டுங்கள். மருந்து உங்கள் வழக்கமான நாளுக்குத்தான் வேண்டும்.

சீனி இறங்கினால்

70க்குக் கீழே போனால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். 54க்குக் கீழே போனால் ஆபத்து நெருங்கிவிட்டது. வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சுக் குழறும். வீட்டிலுள்ளவர்கள் இதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. பிரெசருக்கும் இதய வருத்தத்துக்கும் கொடுக்கும் சில குளிசைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை மட்டுமே மிஞ்சும். எனவே சலரோகக்காரர் ஒருவர் திடீரென்று வேறுமாதிரி நடந்துகொண்டால் முதலில் விரலைக் குத்துங்கள். மெசின் கைக்கெட்டவில்லை என்றால் இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு வைத்தியத்தைத் தொடங்குங்கள்.

வைத்தியம் குசினியிலேயே இருக்கிறது. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது அதே அளவு குளுக்கோஸ் மா, அல்லது அரை கிளாஸ் சீனி போட்ட இனிப்புச் சோடா. சீனி இல்லாத டயற் சோடா உதவாது. சொக்லேற்றும் சரியில்லை, அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். இன்னும் 70க்குக் கீழேயென்றால் அதே அளவு மறுபடி. ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு பிஸ்கற்றோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கலாம்.

மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைத்துவிடும். பக்கவாட்டில் சரித்துக் கிடத்திவிட்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் வகைக் குளிசையால் இறங்கியிருந்தால், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்ட முதியவருக்கு, எழும்பி உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்கும், சில மணித்தியாலத்தில் சீனி மறுபடி இறங்கும்.

கூடினால் செய்ய வேண்டியது இத்தனை அவசரமில்லை. ஒருநாள் 240 வந்ததற்காக ஒரு குளிசையைக் கூட்டிப் போட வேண்டாம். ஆனால் 300க்கு மேல் தொடர்ந்து நின்றால், அதோடு வாந்தி, அடங்காத தாகம், வேகமான மூச்சு, சோர்வு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளிலும் முதலாம் வகைக்காரர் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நோய் சீனியை ஏற்றும்.

விரத நாட்கள்

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருப்பவர்களும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவர்களும், நோன்பு பிடிக்கும் முஸ்லிம் உறவுகளும் சலரோகக் குளிசையை என்ன செய்வதென்று தாமே தீர்மானித்துக்கொள்கிறார்கள். அது தவறு. விரதம் தொடங்கச் சில வாரம் முன்பே டொக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். விரத நாட்களில் சீனியை அதிகம் பார்க்க வேண்டும். விரலைக் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டது. நோன்பு பிடிக்கும் சலரோகக்காரருக்கான மருத்துவ வழிகாட்டல், 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் அந்த நேரமே நோன்பை விடச் சொல்கிறது. சஷ்டி விரதக்காரருக்கும் அதே எல்லையைத்தான் நான் சொல்வேன். மயங்கி விழும்வரை பொறுத்திருக்கும்படி முருகன் யாரையும் கேட்கவில்லை.

கொப்பியும் தொலைபேசியும்

மெசின் எண்களை நினைவில் வைத்திருக்கும், ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அது அறியாது. ஒரு சாதாரண கொப்பியில் திகதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எண், என்ன சாப்பிட்டேன், அன்று விசேடமாக என்ன நடந்தது என்று எழுதுங்கள். செத்தவீட்டுக்குப் போய் நித்திரையில்லை, காய்ச்சல், தோட்டத்தில் முழுநாள் வேலை, இதெல்லாம் எண்ணை விளங்கிக்கொள்ள உதவும். கண் தெரியாதவருக்காகப் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு இதையும் கொண்டுபோய், டொக்டர் கேட்காவிட்டாலும் மேசையில் விரித்து வையுங்கள்.

மருத்துவத்தை நோயாளிக்குப் புரியும்படி தமிழில் சொல்லலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து மருத்துவ நூல்களையும் தமிழாக்கியவர். அவ்வளவு பழைய வழக்கம் உள்ள மண் இது. ஆகவே சொன்னது விளங்கவில்லை என்றால் தாதியிடமோ டொக்டரிடமோ கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "அம்மா, இண்டைக்கு எவ்வளவு?" என்று தொலைபேசியில் தினமும் கேட்பது அன்பினால்தான். ஆனால் 210 என்று சொன்னதும் ஏச்சு விழுந்தால், அடுத்த நாள் அம்மா 140 என்று சொல்லப் பழகிவிடுவார். சில நாளில் குத்துவதையே விட்டுவிடுவார். எண் கூடினால் "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்ற விசாரணையை விட்டுவிட்டு, "நேற்று நித்திரை வந்ததா, கால் நோ எப்படி, குளிசை முடிந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். குளிசை முடிந்து நாலு நாளாகியும் பாமசிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் இருந்திருக்கலாம். 210க்குக் காரணம் அதுவாகவும் இருக்கும்.

அடுத்த கிளினிக்குக்கு முன் கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். என் வயதுக்கும் வருத்தத்துக்கும் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு இருக்க வேண்டும்? நான் எடுக்கும் குளிசையில் எது சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கக்கூடியது? சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது? கடைசியாக எச்பிஏ1சி பார்த்தது எப்போது, அடுத்தது எப்போது? கண்ணையும் காலையும் எப்போது காட்ட வேண்டும்? பதிலையும் அங்கேயே, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வாருங்கள்.